காளிய மர்த்தனமும் தீர்த்த கைங்கர்யமும்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

பேரருளாளனுடைய திருவிழாவை ஸேவிக்கும் பொருட்டுப் பல திசைகளிலிருந்தும் திரண்டு வந்துள்ள பாகவதோத்தமர்களுக்கு அடியேனின் விண்ணப்பம். உத்ஸவ காலத்தில் எம்பெருமானுடைய திருவடிகளைப் பற்றிப் பேசுவதே முறை. அத்திருவடிகள் நர்த்தனமாடிய இடங்களுள் ஒன்று, நஞ்சு கலந்த ஒரு நதியின் மடு. காளியனுடைய படங்களின்மேல் கண்ணன் ஆடிய அச்சரிதத்தைக் குழந்தைப் பருவந்தொட்டுக் கேட்டு வருகிறோம். கொலுவிலே பொம்மையாக வைத்து மகிழ்கிறோம். அச்சரிதம் இந்நாளில் நம்மிடம் என்ன கேட்கிறது என்பதைச் சற்றே ஆராய்வோம்.

தீர்த்தத்தின் ஏற்றம்

ஸந்நிதிக்குச் சென்றால் நமக்கு முதலில் கிடைப்பது தீர்த்தம். அதன் பின்னரே ஸ்ரீசடகோபமும் திருத்துழாயும். நீரின்றித் திருமஞ்சனமில்லை, தளிகையில்லை, ஸந்த்யாவந்தனமில்லை. ஆகவேதான் நம் பூர்வாசார்யர்கள் தீர்த்தம் கொணரும் தொண்டைத் தலையாய கைங்கர்யங்களுள் ஒன்றாகக் கொண்டார்கள். பெரிய திருமலைநம்பிகள் தள்ளாத வயதிலும் திருவேங்கடமுடையானுக்குத் தொலைவிலிருந்து தீர்த்தம் சுமந்தார். எம்பெருமானார் ராமாநுஜர் இக்காஞ்சியிலே, திருக்கச்சிநம்பிகள் காட்டிய வழியில் நின்று, சாலைக் கிணற்றிலிருந்து நாள்தோறும் தீர்த்தக் குடத்தைத் தம் திருத்தோளில் ஏந்தி வந்து தேவப்பெருமாளுக்கு ஸமர்ப்பித்தார். உலகமெல்லாம் போற்றப்போகும் ஒரு பேராசார்யனுக்கு முதலில் வாய்த்த பணி தண்ணீர் சுமக்கும் பணியே என்பதை நாம் மறத்தலாகாது.

அம்மஹான் நமக்கு அருளிய ஸித்தாந்தத்தின் உயிர்நிலை சரீர-சரீரி பாவம். சேதனமும் அசேதனமுமான அனைத்தும் எம்பெருமானுக்குச் சரீரம். அவன் அவற்றுக்கு ஆத்மா. இதை நாம் உபந்யாஸத்தில் கேட்டுத் தலையசைக்கிறோம். ஆனால் ஆறும் அசேதனத்துள் ஒன்றே. அப்படியானால் ஆறு அவன் திருமேனியின் ஒரு பகுதி. திருமேனியிலே சேற்றை வாரியிறைப்பவனை நாம் என்ன சொல்லுவோம்? பகவதபசாரம் என்போம். ஆற்றிலே நஞ்சைக் கலப்பதும் அவ்வகையில் சேர்ந்ததே.

காளியன் புகுந்த மடு

ஸ்ரீமத் பாகவதத்தின் தசம ஸ்கந்தம் காளிந்தி மடுவின் நிலையை விரித்துரைக்கிறது. நீர் கொதித்துக் கிடந்தது. அதன்மேல் பறந்த பறவைகள் மாண்டு விழுந்தன. அந்நீர்த்திவலை கலந்த காற்றுப் பட்ட கரையில் புல்லும் மரமும் கருகின. தாகத்தால் தவித்த பசுக்களும் ஆயர் சிறுவர்களும் அந்நீரைப் பருகிக் கரையிலேயே உயிரற்று வீழ்ந்தனர். கண்ணன் தன் திருக்கண் நோக்கால் அவர்களை எழுப்பினான். அதன் பின்னரே மடுவில் குதித்தான்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. வீழ்ந்தவர்களை எழுப்பியதோடு கண்ணன் நின்றிருக்கலாம். "இனி இந்நீரைப் பருகாதீர்கள், வேறு துறைக்குச் செல்லுங்கள்" என்று சொல்லியிருக்கலாம். அவ்வாறு செய்யவில்லை. நோயைத் தீர்த்தபின் நோயின் மூலத்தை நாடிச் சென்றான். நீர் கெட்டால் குழாயை வேறிடத்துக்கு மாற்றுவதும், புட்டியில் அடைத்த நீரை வாங்குவதும் நம் வழக்கம். அவன் வழி அதுவன்று.

பாலாற்றின் கதை

கண்ணனை யமுனையில் தேடி நாம் வடக்கே செல்ல வேண்டியதில்லை. பிரமன் இக்காஞ்சியில் வேள்வி செய்தபோது ஸரஸ்வதி வேகவதி நதியாய்ப் பெருகி அதனை அழிக்க வந்தாள் என்றும், எம்பெருமான் பள்ளிகொண்டா, திருப்பாற்கடல், திருவெஃகா ஆகிய மூன்றிடங்களில் அணையாகக் குறுக்கே கிடந்தருளினான் என்றும் ஸ்தலபுராணம் கூறும். நதிக்காகப் பெருமாள் படுத்துக்கொண்ட நாடு இது. இன்றும் சித்திரைப் பௌர்ணமியில் பேரருளாளன் ஐயங்கார்குளத்து நடவாவிக்கும், அங்கிருந்து பாலாற்றுக்கும் எழுந்தருளுகிறான். அவன் எழுந்தருளும் அந்தப் பாலாறு எந்நிலையில் உள்ளது?

கர்நாடகத்து நந்தி மலைப் பகுதியில் தோன்றும் பாலாறு அங்கு 93 கி.மீ., ஆந்திரத்தில் 33 கி.மீ., தமிழ்நாட்டில் 222 கி.மீ. ஆக 348 கி.மீ. ஓடி வயலூருக்கு அருகே கடலில் கலக்கிறது. ஆண்டின் பெரும்பகுதியில் மேலே மணலே தெரியும். நீர் அடியில் ஓடும். ஊற்றுக்கால்களாலும் கிணறுகளாலும் உழவர்கள் அந்த அடிநீரைக் கொண்டே நெல்லும் கரும்பும் தென்னையும் வளர்த்தார்கள். மேலே வெள்ளமில்லாத ஆற்றில் நஞ்சு சேர்ந்தால் அதை நீர்க்கச் செய்ய வேறு நீரில்லை. அது மணலில் இறங்கும். மணலிலிருந்து கிணற்றுக்கு வரும். பாலாறு கெட்ட விதம் இதுவே.

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் தோல் பதனிடும் தொழில் வெகுகாலமாக நடைபெற்று வருகிறது. முற்காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்டார்கள். 1970-களில் அரைப்பதனிட்ட தோலின் ஏற்றுமதியை மத்திய அரசு கட்டுப்படுத்தி, முழுதும் முடித்த தோலையும் தோற்பொருள்களையும் அனுப்புமாறு ஊக்குவித்தது. அந்நியச் செலாவணி வந்தது. ஆயிரமாயிரம் குடும்பங்களுக்கு வேலை வந்தது. குரோமிய உப்புக்களால் பதனிடும் முறையும் பெருகிற்று. குரோம் முறையில் சுமார் 170 வகை இரசாயனங்கள் பயன்படுவதாகவும், ஒரு கிலோ தோலை முடித்தெடுக்கச் சுமார் 35 லிட்டர் நீர் செலவாவதாகவும் உச்சநீதிமன்றத் தீர்ப்பிலேயே குறிக்கப்பெற்றுள்ளது. அழுகாதிருக்கத் தோலில் தடவிய உப்பு முதல் ஊறவைப்பிலேயே கழுவப்பட்டு வெளியேறும், மயிரை நீக்கச் சேர்த்த சுண்ணாம்பும் ஸல்பைடும் அதைத் தொடரும், பின்னர் குரோமியம். இவை யாவும் பல்லாண்டுகள் ஓடையிலும் ஏரியிலும் ஆற்றுமணலிலும் விடப்பட்டன.

விளைவு யாது? இப்பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதுமோ ஓரளவோ பயிரிடத் தகாததாயிற்று என்று அதே தீர்ப்பு கூறுகிறது. கிணற்று நீர் உவர்ந்தது. பாட்டனும் தந்தையும் நீர் இறைத்த கிணற்றைப் பேரன் பாழுங்கிணறாகக் கண்டான். ராணிப்பேட்டையில் மூடப்பட்டுவிட்ட ஓர் ஆலையின் குரோமியக் கழிவு ஒரு லட்சம் டன்னுக்கும் மேலாக மலைபோல் குவிந்து, மழைதோறும் நிலத்தடி நீரில் மஞ்சளாய்க் கசிந்து வந்தது. 2015-ஆம் ஆண்டு ஜனவரி 31-ஆம் தேதி அவ்வூர்ப் பொதுச் சுத்திகரிப்பு நிலையமொன்றில் கழிவுச் சேறு தேக்கிய தொட்டியின் சுவர் உடைந்து, அருகே உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் மாண்டனர். அவர்களிற் பெரும்பாலோர் பிழைப்புக்காக மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். காளிந்திக் கரையில் வீழ்ந்த ஆயர் சிறுவர்களை எண்ணி உருகும் நம் நெஞ்சம் இவர்களுக்காகவும் உருக வேண்டாமோ?

கருடன் புகாத இடம்

"காளியன் ஏன் அம்மடுவுக்கு வந்தான்?" என்று பரீக்ஷித்து மஹாராஜன் சுகரைக் கேட்டான். அதற்குக் கிடைத்த விடை நம் காலத்துக்கென்றே சொல்லப்பட்டது போலுள்ளது. கருடனுக்கு உரிய பலியைக் காளியன் செருக்கினால் தானே உண்டான். கருடன் சினந்து இறகால் அடிக்க, ஓடிவந்து அம்மடுவில் ஒளிந்தான். கருடன் அங்கே வரமுடியாது. ஏனெனில், முன்பொருகால் அம்மடுவின் மீன்களுக்குத் தலைவனான மீனைக் கருடன் கவர்ந்து உண்டபோது, மற்ற மீன்கள் தவித்ததைக் கண்டு மனமிரங்கிய ஸௌபரி முனிவர், கருடன் மீண்டும் அங்குப் புகுந்து மீன்களை உண்டால் உயிரிழக்கக் கடவன் எனச் சபித்திருந்தார். இந்தச் சாபத்தைப் பாம்புகளுள் காளியன் ஒருவனே அறிந்திருந்தான்.

இதன் உட்பொருளைச் சிந்திப்பீர். முனிவர் செய்தது கருணையால் விளைந்த செயல். மீன்கள் பிழைக்கவேண்டும் என்றே தடை விதித்தார். ஆனால் அக்கருணை ஏற்படுத்திய பாதுகாப்பை ஒரு நச்சரவம் தனக்குக் கோட்டையாக்கிக்கொண்டது. முடிவில் அம்மீன்களே நஞ்சில் வாழ நேர்ந்தது. ஏழைகளுக்கு வேலை வேண்டும், நாட்டுக்குச் செல்வம் வேண்டும் என்ற நல்லெண்ணத்தால் தொழில்களுக்கு நாம் அளித்த சலுகைகளும் இவ்வாறே ஆயின. தண்டிக்கும் கருடன் புகக்கூடாத மடு ஒன்று உருவாயிற்று. அதனுள் நஞ்சு தங்கிற்று. எந்த ஏழைகளின் பெயரால் அம்மடு காக்கப்பட்டதோ, அவ்வேழைகளின் கிணறே முதலில் கெட்டது.

கருடன் மெல்லப் புகுந்த வரலாறு

உலகெங்கும் இவ்விஷயத்தில் விழிப்பு மெல்ல மெல்லவே வந்தது. 1969-ஆம் ஆண்டு அமெரிக்காவில் குயஹோகா என்னும் ஆறு எண்ணெய்க் கழிவினால் தீப்பற்றி எரிந்தது. ஆறு எரிவதைக் கேட்ட மக்கள் திடுக்கிட்டனர். 1972-ல் ஸ்டாக்ஹோம் நகரில் ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் மாநாடு கூடிற்று. நம் நாட்டில் 1974-ல் நீர் மாசுத் தடுப்புச் சட்டம் பிறந்தது. 1976-ல் அரசியலமைப்பைத் திருத்தி, காடு, ஏரி, ஆறு, வனவிலங்கு ஆகியவற்றைக் காப்பது ஒவ்வொரு குடிமகனுடைய கடமை என எழுதினார்கள். 1982-ல் தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியம் அமைந்தது. 1984-ல் போபாலில் நச்சுவாயு ஆயிரக்கணக்கானோரைக் கொன்றபின், 1986-ல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது.

சட்டம் இருந்தும் பாலாற்றில் நஞ்சு ஓடிற்று. 1991-ல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்சநீதிமன்றத்தை அணுகியது. 1996 ஆகஸ்டு 28-ஆம் தேதி வந்த தீர்ப்பு, இந்நாட்டுச் சட்ட வரலாற்றில் ஒரு மைல்கல்லாகும். தீங்கு வருமுன் காக்கவேண்டும் என்பதும், மாசு செய்தவனே அதற்குரிய விலையைத் தரவேண்டும் என்பதும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதிகளே என அத்தீர்ப்பு நிலைநாட்டிற்று. தோல் ஆலை ஒவ்வொன்றுக்கும் ரூ.10,000 அபராதம் விதித்தது. சுத்திகரிப்பு வசதியை ஏற்படுத்தாத ஆலை இயங்கலாகாது என்றது. அதன் வழியே அமைந்த ஆணையம் 2001-ல் பாதிக்கப்பட்டோர் 29,000-க்கும் மேற்பட்டோர் எனக் கண்டு இழப்பீடு வகுத்தது. ஆயினும் காரியம் முடியவில்லை. 2025 ஜனவரி 30-ஆம் தேதி உச்சநீதிமன்றம் மீண்டும் தலையிட்டு, உரிய இழப்பீட்டை அரசு வழங்கி அதனை மாசு செய்தோரிடமிருந்து வசூலிக்கவும், ஓய்வு பெற்ற உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவர் தலைமையில் குழு அமைக்கவும் ஆணையிட்டது. மனு கொடுத்ததிலிருந்து 34 ஆண்டுகள்! கிணற்றை இழந்த அன்று இளைஞனாயிருந்தவன் இன்று முதியவன். பலர் இவ்வுலகிலேயே இல்லை. தாமதமும் ஒரு நஞ்சே.

கண்ணன் தானே விளையாடிய யமுனையும் தப்பவில்லை. 1,376 கி.மீ. நீளமுள்ள அந்நதி டில்லி மாநகரில் வஜீராபாதுக்கும் ஓக்லாவுக்கும் இடையே ஓடுவது சுமார் 22 கி.மீ.; ஆனால் அதன் மாசில் பெரும்பங்கு அவ்விடத்திலேயே சேர்கிறது. அதற்குக் கீழே உள்ளன பிருந்தாவனமும் மதுரையும். ஒருமுறை விரட்டப்பட்ட காளியன் நம் கையால் மீண்டும் குடியேற்றப்பட்டான்.

தண்டனையும் அநுக்ரஹமும்

தொழிற்சாலைகளை எல்லாம் இழுத்து மூடிவிடுவதே வழியாகுமோ எனின், இங்கும் சரிதமே விடை கூறும். எந்தத் தலை வணங்காது நிமிர்ந்ததோ அந்தத் தலையைக் கண்ணன் மிதித்தான். ஆனால் காளியனைக் கொல்லவில்லை. நாகபத்தினிகள் தங்கள் குழந்தைகளை முன்னிட்டு வந்து பணிந்தபோது இரங்கினான். பிழைப்பை எண்ணிக் கலங்கும் தொழிலாளர் குடும்பங்களின் குரலுக்கும் நாகபத்தினிகளின் குரலுக்கும் வேறுபாடில்லை. தோல் தொழிலையோ அதைச் செய்யும் எளியோரையோ இகழ்வது வைஷ்ணவ லக்ஷணமன்று. திருவீதிப் புறப்பாட்டில் முழங்கும் மேளமும் மிருதங்கமும் தோலால் ஆனவையே. கோயில் வாயிலில் நாம் விட்டு வந்த பாதரக்ஷைகளும் யாரோ ஒருவர் அந்நீரில் நின்று பதனிட்ட தோலே. ஆகவே இப்பாபத்தில் நமக்குப் பங்கில்லை என்று எவரும் சொல்ல இயலாது.

"நாங்கள் பிறவியிலேயே விஷமுடையவர்கள், இயல்பை எவ்வாறு விடுவோம்?" என்ற பொருள்பட முறையிட்டான் காளியன். கழிவின்றித் தொழிலேது என்று இந்நாளிலும் சொல்லுகிறார்கள். கண்ணன் அதை மறுத்து வாதிடவில்லை. "உன் சுற்றத்தோடு உன் பழைய இருப்பிடத்துக்குச் செல், இந்நதி பசுக்களுக்கும் மனிதர்களுக்கும் ஆகட்டும்" என்ற கருத்தில் ஆணையிட்டான். நஞ்சுடையவன் தன் நஞ்சோடு தன் இடத்தில் இருக்கவேண்டும். பொது நீரில் அதை விடலாகாது. கழிவு நீரை ஆலையின் எல்லைக்குள்ளேயே வடிகட்டி, நீரைப் பிரித்து மீண்டும் பயன்படுத்தி, வெளியே ஒரு துளியும் விடாத முறை இன்று உள்ளது. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் நொய்யல் ஆற்றைக் கெடுத்த திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டபின், இம்முறையை ஏற்றவை மீண்டும் திறக்கப்பட்டன. பிரித்தெடுத்த உப்பை எங்கே வைப்பது என்னும் இடர் இன்னும் தீரவில்லை. ஆயினும் வழி இருக்கிறது என்பது விளங்கிற்று. மேல்நாட்டில், உயிரற்றதென்று 1957-ல் கைவிடப்பட்ட தேம்ஸ் நதியில் 1974-ல் ஸால்மன் மீன் திரும்பி வந்ததும் இதற்குச் சான்று.

மேலும் கண்ணன் ஒன்று செய்தான். தன் திருவடிச் சுவடு தலைமேலிருக்கும் காளியனை இனிக் கருடன் தீண்டமாட்டான் என்று அபயமளித்தான். முன்பு சாபத்தின் மறைவில் ஒளிந்து பயந்து வாழ்ந்தவன், இப்போது திருவடியைத் தாங்கி அச்சமின்றி வாழ்கிறான். தர்மத்தைத் தலைமேல் தாங்கிய தொழிலுக்குச் சட்டத்தினிடம் பயமில்லை.

நமக்குரிய கைங்கர்யம்

இத்திருவிழாவுக்கு வந்திருப்போருள் ஆலை நடத்துவோர் இருக்கலாம். அவர்களுக்கு ஒரு விண்ணப்பம். பெருமாளுக்குப் பொற்கிரீடம் ஸமர்ப்பிக்குமுன் உங்கள் ஆலையின் கழிவுக் குழாய் எங்கே முடிகிறது என்று ஒருமுறை நேரில் சென்று பாருங்கள். இரவிலும் மழையிலும் அதைத் திறந்துவிடாதிருப்பதே அவன் உகக்கும் பெரிய உபயம். அதிகாரத்தில் உள்ளோர் கருடனுடைய இடத்தில் இருப்பவர்கள். பக்ஷபாதம் என்னும் சாபத்தால் இறகு முடங்காதிருக்கப் பிரார்த்திக்க வேண்டும்.

மற்றையோர்க்கும் பணி உண்டு. தீர்த்தமாடும் இடத்தில் சோப்பையும் எண்ணெயையும் கலவாதிருப்போம். பழைய துணிகளையும் பிளாஸ்டிக் உறைகளையும் நீரில் விட்டுச் செல்லாதிருப்போம். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் நம் மாநிலத்தில் தடை உள்ளதை உத்ஸவ நாளிலும் நினைவிற் கொள்வோம். நம் ஊர் ஏரிக்கும் கிணற்றுக்கும் கேடு வந்தால், ஊராரோடு சேர்ந்து எழுத்தில் முறையிடுவோம். விடை வரும்வரை தளராது கேட்போம். பாலாற்றுக் கரையின் எளிய குடிமக்கள் சிலர் அவ்வாறு முறையிட்டதனாலன்றோ நாடு முழுமைக்கும் ஒரு நீதி கிடைத்தது!

எம்பெருமானார் சுமந்த குடத்தை நாம் சுமக்கும் பாக்கியம் பெறவில்லை. ஆயினும் அக்குடத்தில் ஏந்தத்தக்க நீர் நம் கிணறுகளிலும் ஆறுகளிலும் இருக்கச் செய்வதும் அத்தீர்த்த கைங்கர்யத்தின் தொடர்ச்சியே. நமக்குப் பின்வரும் பிள்ளைகள் பாலாற்று நீரை இரு கைகளாலும் அள்ளி, அச்சமின்றி ஆசமனம் செய்யும் நாளை, காளியனை அடக்கிய திருவடிகளையுடைய பேரருளாளன் அருள்வானாக.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.

அடியேன் ராமாநுஜ தாஸன்